நின்னு போன மெஷின் தானா ஓடுச்சு: கடலூர்ல ஒரு வீட்டுப் பட்டறை விபத்தோட முழு விவரம்

வீட்டுப் பட்டறையில கை வெட்டுப்பட்டுச்சுன்னு எங்க கேள்விப்பட்டாலும் உடனே வர்ற பேச்சு "கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்" தான். இந்த கேஸ்ல அடிபட்டவர் கவனம் இல்லாத ஆளே கிடையாது. சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனில பல வருஷமா மெயின்டனன்ஸ் பாக்குறவர், பம்பு, மோட்டார், கியர்பாக்ஸ்னு தினமும் சுத்துற சாமானுக்கு நடுவுல தான் பொழப்பு, அங்க பெருசா ஒரு கீறல் கூட வாங்கினதில்ல. அப்படிப்பட்டவர் ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், சொந்த வீட்டுப் பின்பக்க ஷெட்டுல, ஓடாம நின்னுகிட்டிருந்த மெஷின்ல இடது கை விரல் மூணுல வெட்டு வாங்கினார். எனக்கு ரொம்ப நாளா பழக்கமான அண்ணன், திருப்பாப்புலியூர் பக்கம் வீடு. பேரு போட வேணாம், ஆனா நடந்ததை ஒண்ணு விடாம எழுதுப்பான்னு அவரே சொன்னார். ஷெட்டுல அவரோட உக்காந்து, மெஷினைக் கழட்டிப் பார்த்து, எதுக்கப்புறம் எது நடந்துச்சுன்னு வரிசையா கேட்டு எழுதினது இது.

மொதல்ல மெஷின். நம்ம பக்கம் டேபிள் ரம்பம்னு தனியா காசு போட்டு வாங்கறவங்க கம்மி. டைல்ஸ் வெட்டற 4 இன்ச் மார்பிள் கட்டரை எடுத்து, அதுல 40 பல்லு மர பிளேடு மாட்டி, 18 எம்எம் பிளைவுட்டுல நீளமா ஒரு ஓட்டை போட்டு, கீழ இருந்து தலைகீழா போல்ட் அடிச்சிட்டா மேல பிளேடு மட்டும் எட்டிப் பாக்கும், டேபிள் ரெடி. புது வீட்டு வேலை நடக்குற இடத்துல ஆசாரிங்க கிட்ட பெரும்பாலும் இதைத் தான் பாப்பீங்க. அண்ணன்கிட்ட இருந்ததும் இது தான். செலவு கம்மி, ரீப்பர் (மெல்லிசான நீளச் சட்டம்) கிழிக்கறதுக்கு நேரா வரும், நான் அதைக் குறை சொல்லல. ஆனா தலைகீழா மாட்டின அந்த நிமிஷமே அந்த மெஷினோட பாதுகாப்பு எல்லாம் கழண்டுடுது. பிளேடை மூடியிருக்கற பாதுகாப்பு மூடி, அந்த கார்டு, டேபிளுக்கு இடைஞ்சல்னு எடுத்துடறாங்க. கையை விட்டா நிக்கணும்னு கம்பெனிக்காரன் வெச்ச ட்ரிகர் டேபிளுக்கு அடியில போயிடுது, கை எட்டாது, அதனால ட்ரிகர் மேல ஒரு கேபிள் டை போட்டு இறுக்கி நிரந்தரமா ஆன்லயே வெச்சிடறாங்க. ஆன் ஆஃப் எல்லாம் சுவத்துல இருக்கற ஸ்விட்ச்ல. இந்த கேபிள் டையை ஞாபகம் வெச்சுக்கோங்க, கதையே அதுல தான் இருக்கு.

அந்த கட்டர் நிமிஷத்துக்கு சுமார் 12,000 சுத்து சுத்துது. பிளேடு விட்டம் 110 எம்எம். கணக்கு போட்டா பல்லு நுனி செகண்டுக்கு 69 மீட்டர் வேகத்துல போகுது, அதாவது மணிக்கு கிட்டத்தட்ட 250 கிலோமீட்டர். சின்ன பிளேடு தானேன்னு நினைக்கறவங்க இந்த நம்பரை ஒருதரம் பாக்கணும்.

அடுத்தது மரம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் பாண்டி பக்கத்துல கரை ஏறினப்போ பண்ருட்டி பக்கம் அவங்க சொந்தக்காரங்க தோட்டத்துல ஒரு பலா சாஞ்சிடுச்சு. அதை மரவாடியில குடுத்து பலகையா அறுத்து கொண்டாந்து வெச்சிருந்தார், தங்கச்சி பொண்ணு கல்யாணத்துக்கு மணை செய்யணும்னு ஆசை. பலாவுல மணை செஞ்சா அந்த மஞ்ச நிறத்துக்கே தனி அழகு, அந்த ஆசை நியாயம் தான். ஆனா பலகை சரியா காயல. மேல தொட்டா காஞ்ச மாதிரி இருக்கும், நடுவுல ஈரம் இருக்கும். அதோட புயல்ல முறுக்கி சாஞ்ச மரம், உள்ளுக்குள்ள இழுவிசை எந்தப் பக்கம்னு யாருக்கும் தெரியாது. இந்த மாதிரி பலகையை நீளவாக்குல கிழிக்கறப்போ, அறுத்த வாய் விரியறதுக்கு பதிலா மூடிக்கும், மூடினா பின்பக்கத்துல இருந்து பிளேடை ரெண்டு பக்கமும் கவ்விப் பிடிக்கும். அதுக்கு மேல பலாவுல பால் வேற. அந்தப் பிசின் மரத்தூளோட சேந்து பல்லுக்கு நடுவுல கருப்பா அப்பிக்கும், பிளேடு வெட்டறதை விட்டுட்டு தேய்க்க ஆரம்பிக்கும், சூடாகும், கருகின வாசனை வரும்.

இப்போ சம்பவம்.

சாயங்காலம் பலகையைப் பாதி தூரம் தள்ளியிருக்கார். வாய் மூடி பிளேடு கவ்விக்கிச்சு. அந்த நேரத்துல பலகை பின்னாடி எகிறி வயித்துல அடிச்சிருக்கவும் வாய்ப்பு இருந்துச்சு, இவர் பலகையை டேபிளோட அழுத்திப் பிடிச்சிருந்ததால எகிறல, பிளேடு அப்படியே நின்னுடுச்சு. மோட்டார் சுத்த முடியாம ஊம்னு முனகுது. சுத்தற மோட்டாரை இழுத்துப் பிடிச்சா அது பல மடங்கு கரண்ட் இழுக்கும், ஷெட்டுக்கு லைன் எடுத்திருந்தது ஹால் லைன்ல இருந்து, அதுல 10 ஆம்ப் எம்.சி.பி. (கரண்ட் அளவுக்கு மேல போனா தானா இறங்கற ஸ்விட்ச்), அது டப்புனு இறங்கிடுச்சு. ஷெட்டு டியூப் லைட் போச்சு, டேபிள் ஃபேன் நின்னுச்சு, மெஷினும் கப்சிப்.

எல்லாம் ஒண்ணா நின்னா கடலூர்ல இருக்கறவன் என்ன நினைப்பான்? கரண்ட் போச்சுன்னு தான். அவரும் அதே தான் நினைச்சார். சுவத்து ஸ்விட்ச் ஆன்ல இருக்கு, பிளக் போர்டுல இருக்கு, ட்ரிகர்ல கேபிள் டை இருக்கு. பலகையை ஆட்டி ஆட்டி பின்னாடி இழுத்து வெளிய எடுத்துட்டார். பிளேடைப் பாத்தா பல்லு பூரா கருப்பு பிசின். சரி கரண்ட் வர்றதுக்குள்ள இதைச் சுரண்டி விட்டுடலாம்னு, பிளேடு சுத்தாம இருக்க இடது கை விரலால பல்லைப் பிடிச்சுகிட்டு, வலது கையில உடைஞ்ச ஹேக்சா பிளேடு துண்டை வெச்சு சுரண்ட ஆரம்பிச்சார்.

ஹால்ல பையன் டிவி பாத்துகிட்டு இருந்தான், பத்தாவது படிக்கறான். டிவி ஆஃப் ஆச்சு, ஆனா கிச்சன்ல அம்மா ஓட்டற மிக்ஸி ஓடிகிட்டே இருக்கு. அப்போ கரண்ட் போகல, ஹால் மட்டும் தான்னு புரிஞ்சுகிட்டான். போய் பாக்ஸைத் தொறந்தான், ஒரு எம்.சி.பி. மட்டும் இறங்கியிருக்கு, ஏத்தினான். அவ்ளோ தான். ஷெட்டுல மெஷின் ஓடுச்சு.

நின்ன நேரத்துக்கும் ஓடின நேரத்துக்கும் நடுவுல ரெண்டு நிமிஷம் கூட இருக்காதுன்னு ரெண்டு பேருமே சொல்றாங்க.

ஆள்காட்டி விரல் நுனியில நகம் வேரோட போச்சு, எலும்பு நுனி நொறுங்கிச்சு. நடுவிரல்ல உள்ளங்கைப் பக்கம் ஆழமான வெட்டு, விரலை மடக்கற தசைநார் அறுந்துடுச்சு. மோதிர விரல்ல தோலோட போச்சு. இதுல அவர் கம்பெனியில எடுத்த முதலுதவி ட்ரெயினிங் நிஜமா காப்பாத்துச்சு. பக்கத்து வீட்டம்மா காபித்தூளோட ஓடி வந்தாங்க, வேணாம்மான்னு சொல்லிட்டார். காபித்தூள், மஞ்சத்தூள், சுண்ணாம்பு எதுவும் வெட்டுக்காயத்துல வைக்கக் கூடாது, அதைக் கழுவி எடுக்கறதுக்கே டாக்டர் பாடுபடணும், கிருமியும் சேரும். துவைச்ச துண்டை மடிச்சு வெட்டு மேல வெச்சு இறுக்கி அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல தூக்கிப் பிடிச்சுகிட்டு, நின்னுச்சா நின்னுச்சான்னு நடுவுல பிரிச்சு பிரிச்சு பாக்காம உக்காந்திருந்தார். வீக்கம் வர்றதுக்கு முன்னாடியே அண்ணி சோப்பு போட்டு மோதிரத்தைக் கழட்டிட்டாங்க, இதை நிறைய பேர் மறந்துட்டு அப்புறம் ஆஸ்பத்திரியில மோதிரத்தை வெட்டி எடுக்கற நிலைமை வரும். கடலூர் ஜி.ஹெச்.ல கட்டு போட்டு, டி.டி. ஊசி போட்டு, தசைநார் தைக்கணும்னு பாண்டிக்கு அனுப்பினாங்க, இருபது சொச்சம் கிலோமீட்டர் தான், அன்னிக்கு ராத்திரியே போயாச்சு.

விரல் துண்டா விழுந்திருந்தா என்ன செய்யணும்னும் இங்கயே சொல்லிடறேன், ஏன்னா இதுல தப்பு பண்றவங்க நிறைய. துண்டை நேரா ஐஸ்ல போடக் கூடாது, தண்ணியிலயும் ஊற வைக்கக் கூடாது. சுத்தமான துணியை லேசா நனைச்சுப் பிழிஞ்சு அதுல சுத்தி, பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாயை இறுக்கக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் போட்ட தண்ணிக்குள்ள வைக்கணும். நேரா ஐஸ் பட்டா சதை உறைஞ்சு செத்துடும், அப்புறம் ஒட்ட வைக்க முடியாது. 108-க்கு போன் போடறப்பவே விரல் துண்டாயிடுச்சுன்னு சொல்லிடுங்க.

கையில போட்ட கட்டு எல்லாம் பிரிச்சதுக்கு அப்புறம் தான் அண்ணன் ஒரு விஷயம் சொன்னார். "தம்பி, இதே வேலையை கம்பெனியில செஞ்சிருந்தா எனக்கு ஒண்ணும் ஆயிருக்காது."

யோசிச்சுப் பாத்தா அது அப்படியே உண்மை. கம்பெனியில ஒரு பம்பு கப்ளிங்கைத் தொடணும்னா கூட மொதல்ல பர்மிட். அப்புறம் எலக்ட்ரிகல்காரங்க ஃபியூஸ் எடுத்து, ஐசொலேட்டர்ல, அதாவது அந்த மெஷினோட கரண்டை வெட்டற ஸ்விட்ச்ல, பூட்டு போட்டு டேக் மாட்டுவாங்க. வேலை பாக்கறவன் பூட்டு அது, சாவி அவன் பாக்கெட்ல. அதோட விடாம, ஸ்டார்ட் பட்டனை ஒருதரம் அமுக்கிப் பார்த்து ஓடலைன்னு தெரிஞ்சதுக்கு அப்புறம் தான் ஸ்பானரையே எடுப்பாங்க. இதெல்லாம் இன்னிக்கு நேத்து வந்ததும் இல்ல. 1948 ஃபேக்டரீஸ் சட்டத்தோட 24-வது பிரிவுலயே இருந்துச்சு, கரண்டை நிறுத்தற ஸ்விட்ச் தெரியாத்தனமா ஆஃப்ல இருந்து ஆனுக்கு போற மாதிரி இருந்தா அதை ஆஃப்லயே பூட்டி வைக்க ஏற்பாடு இருக்கணும்னு. அமெரிக்காவுல 1989-ல இதுக்குன்னே தனி விதி போட்டாங்க. கம்பெனி கேட்டுக்கு உள்ள அந்த விதி இவர் கையைப் பாத்துகிச்சு. வீட்டு ஷெட்டுல பர்மிட் குடுக்க ஆள் இல்ல, பூட்டு இல்ல, மெஷின் நின்னா வேலை செய்யலாம்னு கை தானா போயிடுச்சு. மெஷின் நின்னுடுச்சுங்கறதும் மெஷினுக்கு கரண்ட் வர வழியே இல்லைங்கறதும் வேற வேற. நிக்கறதை கண்ணால பாக்கலாம், கரண்ட் வராதுங்கறதை நாம தான் பிளக்கைப் பிடுங்கி உண்டாக்கணும்.

அதனால தான் "கவனமா இருந்திருக்கலாம்"ங்கறதை என்னால ஏத்துக்க முடியல. ஆளுக்கு திடீர்னு ஒண்ணு நடந்தா கையை இழுத்துக்க சுமார் 0.2 செகண்ட் ஆகும். முழு வேகத்துல அந்த பிளேடு அதுக்குள்ள 40 சுத்து சுத்திடும், 40 பல்லு பிளேடுன்னா 1,600 பல்லு அதே இடத்தைக் கடந்து போயிருக்கும். கிளம்பறப்போ வேகம் கொஞ்சம் கம்மின்னு வெச்சுகிட்டாலும் எவ்ளோ கவனமான ஆளும் அதுக்கு ஈடு கொடுக்க முடியாது. இவர் கண்ணு பிளேடு மேல தான் இருந்துச்சு, பராக்கு பாக்கல, போன் பேசல.

இன்னொண்ணும் அழுத்திச் சொல்லணும். பையன் ரொம்ப நாள் யார்கிட்டயும் சரியா பேசல, என்னால தான் அப்பா கை போச்சுன்னு அவன் மனசுல பதிஞ்சிடுச்சு. அவன் செஞ்சது சரியான வேலை. ஒண்ணு மட்டும் இறங்கியிருந்தா ஏத்திப் பாருடான்னு சொல்லிக் குடுத்ததே அவங்கப்பா தான். அவன் ஏத்தலைன்னா பத்து நிமிஷம் கழிச்சு அண்ணி ஏத்தியிருப்பாங்க. நிஜமாவே ஊர் கரண்ட் போயிருந்தா ஈ.பி.காரங்க ஏத்தியிருப்பாங்க, அவங்களுக்கு உங்க விரல் எங்க இருக்குன்னு எப்படி தெரியும்? யார் ஏத்தினாலும் ஓடற மாதிரி மெஷினை வெச்சிருந்தது தான் கோளாறு. இதை அண்ணனே பையனைப் பக்கத்துல உக்கார வெச்சு, அந்த கேபிள் டையைக் கையில குடுத்து, "காரணம் இது தான்டா, நீ இல்ல"ன்னு சொன்னார். வீட்டுல இந்த மாதிரி ஏதாவது நடந்தா தயவு செஞ்சு பிள்ளைங்க மேல பழி போக விடாதீங்க.

இப்போ ஷெட்டுல என்னென்ன மாறியிருக்குன்னு சொல்றேன். பெரிய செலவு எதுவும் இல்ல.

கேபிள் டையை அறுத்தா ட்ரிகருக்கு கை எட்டாது, அந்தப் பிரச்னைக்கு அவர் கண்டுபிடிச்ச வழி எனக்கு ரொம்பப் பிடிச்சுது. போர் மோட்டாருக்கு போடற பச்சை, சிவப்பு பட்டன் ஸ்டார்ட்டர் நம்ம எல்லாருக்கும் தெரியும். கரண்ட் போய் வந்தா போர் மோட்டார் தானா ஓடாது, யாராவது போய் பச்சையை அமுக்கணும். காரணம் உள்ள இருக்கற கான்டாக்டர்ங்கற காந்த ஸ்விட்ச். அதோட காயிலுக்கு கரண்ட் இருக்கற வரைக்கும் தான் அது பிடிச்சு நிக்கும், ஒரு கணம் கரண்ட் போனாலும் விட்டுடும், திரும்ப வந்தா தானா பிடிக்காது. அதே ஐடியால சிங்கிள் பேஸ் ஸ்டார்ட்டர் ஒண்ணை, மெஷின் இழுக்கற கரண்டுக்கு தகுந்த ஓவர்லோட் ரிலே (மெஷின் திணறி கரண்ட் அதிகமானா நிறுத்திடும்) போட்டு, டேபிளோட முன்பக்கக் காலுல தொடை உயரத்துல மாட்டியிருக்கார். சிவப்பு பட்டன் பெருசா வெளிய துருத்திகிட்டு இருக்கும், ரெண்டு கையும் மரத்துல இருந்தாலும் முழங்காலால தட்டினா நிக்கும். மர வேலை மெஷினுக்குன்னே நோ வோல்ட் ஸ்விட்ச்னு தனியாவும் விக்குது, அதுவும் இதே வேலை தான். ஆனா கடையில ஸ்டார்ட்டர்னு கேட்டா வெறும் எம்.சி.பி.யும் கெப்பாசிட்டரும் வெச்ச பெட்டியையும் குடுப்பாங்க, கரண்ட் வந்தா தானா ஓட வைக்கற ஆட்டோ ஸ்விட்ச் வெச்சதும் இருக்கு, அது ரெண்டும் இந்த வேலைக்கு ஆகாது.

ஷெட்டுக்கு தனி லைன், தனி எம்.சி.பி., கரண்ட் கசிஞ்சா லைனை வெட்டற 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. கடல் காத்து உப்புல வயர் ஜாயின்ட் எல்லாம் பச்சை பிடிச்சுப் போற ஊரு நம்மது, ஷாக்குக்கு அது அவசியம். ஆனா ஆர்.சி.சி.பி. பிளேடுகிட்ட இருந்து காப்பாத்தாது, அதைப் போட்டுட்டேன்னு நிம்மதியா இருந்துடாதீங்க.

பிளக் வைக்கற இடத்தையும் மாத்தினார். முன்னாடி போர்டு டேபிளுக்குப் பின்னாடி, குனிஞ்சு கை விட்டா தான் எட்டும், எட்டாத பிளக்கை யாரும் பிடுங்க மாட்டாங்க. இப்போ முன்னாடி கண்ணுக்கு நேரா. பிளேடைத் தொடணும்னா பிளக்கைப் பிடுங்கி டேபிள் மேல, பிளேடு பக்கத்துலயே வெச்சிடறார். பிளக்கோட பின்னு கண்ணுல பட்டா தான் விரல் பிளேடு பக்கம் போகும். வீட்டுல அது தான் பூட்டு, அது தான் டேக். வேற யாரும் வந்து மாட்டிடாம இருக்கவும் அதுவே போதும். ஸ்டார்ட்டர் இருக்கே, அதுக்கு மேல பிளக் எதுக்குன்னு கேட்டா, கான்டாக்டர் ஒட்டிக்கிட்டு விடாம போற நாளும் வரும்.

மரம் கவ்வாம இருக்க பிளேடுக்கு நேர் பின்னாடி ஒரு தகடு, ரிவிங் நைஃப்னு சொல்லுவாங்க. பிளேடோட உடம்பை விட கொஞ்சம் தடிமனா, பல்லு வெட்டற வாயை விட கொஞ்சம் மெல்லிசா இருக்கணும், பிளேடுக்கும் அதுக்கும் இடைவெளி 3-ல இருந்து 8 எம்எம்குள்ள. அறுத்த வாய் மூடப் பாத்தா இந்தத் தகட்டை தான் கவ்வும், பிளேடைக் கவ்வ முடியாது. இந்தக் கேஸ்ல இது ஒண்ணு இருந்திருந்தா பெரும்பாலும் மோட்டார் திணறியிருக்காது, எம்.சி.பி.யும் இறங்கியிருக்காது. மார்பிள் கட்டருக்கு இது கடையில கிடைக்காது, அவர் ஸ்டீல் தகட்டை கிரைண்டர்ல தேய்ச்சு, பிளேடோட நேர்கோட்டுல டேபிளுக்கு அடியில ஆங்கிள் வெச்சு இறுக்கியிருக்கார். ஒரு மயிரிழை கோணினாலும் மரம் அதுல முட்டிக்கும், அதனால ஸ்கேல் வெச்சு நேர் பாத்துட்டு தான் மரம் விடணும். ஈரப் பலகையை இப்போ மெஷின்லயே விடறதில்ல. கடைசி ஒரு ஜாணுக்கு தள்ளுகட்டை, விரல் இல்ல.

கிளவுஸ் போட்டிருந்தா தப்பிச்சிருப்பாரான்னு நிறைய பேர் கேட்டாங்க. இல்ல. சுத்தற பிளேடு, டிரில், மரம் குடையற ரவுட்டர் எதுக்கும் கிளவுஸ் போடக் கூடாது, ஒரு நூல் மாட்டினா போதும், விரலோட நிக்காம கை மொத்தமா உள்ள இழுத்துடும். கோயில் கயிறு, வாட்ச், தொங்கற துண்டு, லுங்கி இதுக்கும் அதே தான். கண்ணாடி கட்டாயம், என்95 மாஸ்க் கட்டாயம் (மரத்தூள் மூக்குல புற்றுநோய் உண்டாக்கும்னு உலக அளவுல உறுதியாச்சு), காதுக்கும் ஏதாவது வைங்க.

அண்ணனுக்கு ஆறு வாரம் விரலைத் தாங்கிப் பிடிக்கற ஸ்பிளின்ட், அதுக்கு அப்புறம் பிசியோ. இப்போ ஸ்பானர் பிடிக்கறார், சுத்தியல் பிடிக்கறார். நடுவிரல் உள்ளங்கையைத் தொடற அளவுக்கு மடங்கல. சின்ன ஸ்க்ரூவை டேபிள்ல இருந்து இடது கையால எடுக்க முடியல, நுனியில உணர்ச்சி கம்மியாயிடுச்சு, காந்தத்தை வெச்சு தான் எடுக்கறார். வேலைக்கு திரும்பிட்டார், மணையும் முடிஞ்சது, மீதிப் பலகையைக் கைரம்பத்துலயே அறுத்து முடிச்சார்.

உங்க வீட்டுல இந்த மாதிரி டேபிள் இருந்தா இன்னிக்கே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாருங்க. மரம் எதுவும் இல்லாம, தள்ளி நின்னு மெஷினை ஓட விடுங்க, இன்னொருத்தரை விட்டு எம்.சி.பி.ய இறக்கச் சொல்லுங்க, பிளேடு முழுசா நின்னதும் ஏத்தச் சொல்லுங்க. தானா ஓடுச்சுன்னா பிளக்கைப் பிடுங்கிடுங்க, எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டார்ட்டர் மாட்டற வரைக்கும் அதுல ஒரு ரீப்பர் கூட அறுக்காதீங்க.